டன்னார்ட் முதல் குவோல் வரை: குட்டி ஊனுண்ணிப் பைப்பாலூட்டிகளின் தீனியும் ரத்தமும், முழுமையான வழிகாட்டி

பதினைந்து கிராம் எடையுள்ள ஒரு டன்னார்ட்டின் உடம்பில் மொத்தமாக ஓடுகிற ரத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர்தான். ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. பூனை கவ்விய காயத்தில் நாலைந்து சொட்டு போனாலே அதன் ரத்தத்தில் கால்வாசி போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் இந்த வழிகாட்டியில் நான் ஏன் தீனியைப் பற்றியே இவ்வளவு பேசுகிறேன் என்பது புரியும். இவ்வளவு சின்ன உயிரிடம் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வழியே இல்லை, அதனால் ரத்தத்தைக் காப்பாற்றுகிற வேலை பெரும்பாலும் தட்டிலேயே நடந்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பைப்பாலூட்டிகள் என்றதும் கங்காருவும் கோவாலாவும்தான் நினைவுக்கு வரும், இரண்டும் இலைதழை தின்பவை. ஆனால் அதே நாட்டில், பக்கத்தில் நியூ கினியிலும், டாஸ்யூரிட் என்றொரு குடும்பம் இருக்கிறது. டாஸ்மேனியப் பேய் என்று சொல்லப்படும் விலங்கு இதில் பெரியது. சின்னவை டன்னார்ட், ஆன்டிகைனஸ், ஃபாஸ்கோகேல், கொவாரி, முல்காரா, அப்புறம் பூனைக்குட்டி அளவுள்ள குவோல். எல்லாமே வேட்டையாடித் தின்பவை. நான் மெல்போர்ன் பக்கம் காட்டுயிர் மீட்பில் தன்னார்வலராக இருப்பதால் என் கைக்கு அதிகம் வருவது ஆன்டிகைனஸும் தடித்த வால் டன்னார்ட்டும்தான், ஆகவே உதாரணங்கள் அவற்றைச் சுற்றியே இருக்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆஸ்திரேலியாவில் இவற்றை வீட்டில் வைத்துப் பராமரிக்க அரசு அனுமதி வேண்டும், மருந்தும் ரத்தப் பரிசோதனையும் கால்நடை மருத்துவரின் வேலை. அந்த மருத்துவருக்கும் அந்த விலங்குக்கும் நடுவில் இருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எலி இல்லை என்று உறுதி செய்யுங்கள்

ஆன்டிகைனஸைப் பார்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் எலி என்றுதான் நினைப்பார்கள். எலிக்கு முன்னால் உளி மாதிரி இரண்டு பெரிய பல் இருக்கும். ஆன்டிகைனஸ் வாயைத் திறந்தால் குட்டிக்குட்டியாக, கூராக, வரிசையாகப் பல். மூக்கு நீண்டு கூம்பியிருக்கும், காது மடலின் ஓரத்தில் ஒரு வெட்டு தெரியும். இதைப் பார்க்காமல் எலி என்று நினைத்து ரொட்டியும் தானியமும் சீஸும் வைத்துவிடுகிறார்கள், பாவம், அது ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கிறது.

படி 2: எடை

0.1 கிராம் வரை காட்டுகிற ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். நகை எடை போடும் தராசு போதும். ஒரு பருத்திப் பையைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிக்கொண்டு, விலங்கைப் பைக்குள் விட்டு வாயை முடிந்து அப்படியே வையுங்கள். இருட்டுக்குள் போனதும் அரை நிமிடத்தில் அடங்கிவிடும், எண் நிற்கும். தினமும் ஒரே நேரத்தில், சாயங்காலம் தீனி வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பதினைந்து கிராமில் ஒரு கிராம் குறைந்தால் அது அறுபது கிலோ மனிதர் ஒரே நாளில் நாலு கிலோ இளைத்த மாதிரி. ‘ஒரு கிராம்தானே’ என்று விடக் கூடாது.

தடித்த வால் டன்னார்ட்டுக்கு இன்னொரு அளவுகோலும் இருக்கிறது, அதன் வால். கொழுப்பை வாலின் அடிப்பகுதியில்தான் சேர்த்து வைக்கும், நன்றாகத் தின்ற காலத்தில் வால் சின்னக் காரட் மாதிரி இருக்கும். வால் மெலிந்து எலும்பு வரி தெரிந்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. எடையோடு வாலின் தடிமனையும் வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

படி 3: சூடு முதலில், தீனி அப்புறம்

குளிர்ந்து கிடக்கிற விலங்கின் வாயில் எதையும் வைக்காதீர்கள். டாஸ்யூரிட்கள் பலவற்றுக்கு டார்ப்பர் என்கிற ஒரு நிலை உண்டு, தீனி குறைவான நாளில் உடம்பின் சூட்டைத் தானாகவே இறக்கிக்கொண்டு, மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டு சில மணி நேரம் அப்படியே கிடக்கும். டன்னார்ட்டின் உடல் வெப்பம் 15 டிகிரி வரைக்கும்கூட இறங்கும். தொட்டால் செத்துப்போன மாதிரியே இருக்கும். விக்டோரியாவின் மேற்குச் சமவெளியில் விவசாயிகள் கல்லைப் புரட்டும்போது அடியில் இப்படிக் கிடப்பவற்றைச் செத்ததென்று தூக்கிப் போட்டுவிடக் கூடும். காட்டில் இவை காலை வெயிலில் உட்கார்ந்து மெதுவாகச் சூடேறும். நீங்களும் அதே மாதிரி மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும்: துணி போட்ட பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் சூடு, 28 டிகிரி வாக்கில், மறுபாதி சாதாரணமாக, அதுவே நகர்ந்து இடம் தேர்ந்துகொள்ளட்டும். நன்றாகச் சூடாகி நடமாடத் தொடங்கிய பிறகு தண்ணீர், அதற்குப் பிறகு தீனி.

தினமும் டார்ப்பரில் போகிறது என்றால் அது தீனி போதவில்லை என்று சொல்கிறது. குறிப்பேட்டில் எழுதுங்கள்.

படி 4: முழு இரை

காட்டில் ஒரு டன்னார்ட் வண்டையோ சிலந்தியையோ தின்றால் ஓடு, குடல், குடலுக்குள் இருக்கிற இலைச்சாறு என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தின்கிறது. குவோல் ஒரு எலியைத் தின்றால் எலும்பு, ஈரல், ரோமம் எல்லாம் உள்ளே போகிறது. டாஸ்மேனியாவில் கிழக்கு குவோல்கள் மேய்ச்சல் நிலத்தில் வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களை ஏராளமாகத் தின்கின்றன. ஃபாஸ்கோகேல் மரப்பட்டையை உரித்துக் கரப்பானும் பூரானும் பிடிக்கும், யூகலிப்டஸ் பூத்தால் தேனையும் நக்கும். இத்தனையும் சேர்ந்ததுதான் அதன் சாப்பாடு. வெறும் இறைச்சித் துண்டு ஒருநாளும் இதற்கு ஈடாகாது.

சின்னவற்றுக்கு, அதாவது டன்னார்ட், ஆன்டிகைனஸ் அளவுள்ளவற்றுக்கு, சுவர்க்கோழி, மரக்கரப்பான், அந்துப்பூச்சி, கருஞ்சிப்பாய் ஈயின் புழு என்று நாளுக்கு நாள் மாற்றிக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுண்டெலியை நறுக்கி ஒரு சிறு துண்டு கொடுக்கலாம். கொவாரி அளவுக்கு மேல் போனால் முழுச் சுண்டெலி, குவோலுக்குச் சுண்டெலியும் ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சும் காடையும். எலி, குஞ்சு எல்லாம் தீனிக்கென்றே வளர்த்து உறைய வைத்து விற்பதாக இருக்க வேண்டும். குவோலுக்குக் கங்காரு இறைச்சியோ ஆட்டிறைச்சியோ கொடுப்பதானால் அதையும் பல நாள் நன்றாக உறைய வைத்த பிறகே கொடுங்கள். பூனைகள் பரப்பும் டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி பச்சை இறைச்சியில் உறங்கிக் கிடக்கும், இந்தக் குடும்பத்து விலங்குகளை அது கொல்லக்கூடியது, உறைய வைத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

பாலைவனத்து கொவாரிக்கும் முல்காராவுக்கும் இரையில் இருக்கிற ஈரமே போதும் என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் பெட்டிக்குள் வந்து சேர்ந்த விலங்கு நோயாளி. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும், ஆழம் குறைவாக.

படி 5: கால்சியம்

இதைத்தான் ஆற அமரப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் இங்கே நடக்கிற தவறு உடனே தெரியாது, தெரியும்போது எலும்பு வளைந்திருக்கும். உடம்புக்கு வேண்டியது ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கால்சியம். மீல்வார்ம் என்பது தீனிக்கென்று விற்கும் ஒரு வண்டின் புழு; ஒரு கிலோ மீல்வார்மில் பாஸ்பரஸ் 2,850 மில்லிகிராம் இருக்கிறது, கால்சியமோ 170 மில்லிகிராம்தான். அதாவது பதினேழில் ஒரு பங்கு. சுவர்க்கோழி கொஞ்சம் பரவாயில்லை, ஏழில் ஒரு பங்கு. எலும்பில்லாத இறைச்சி மீல்வார்ம் மாதிரியே மோசம். முழுதாக வளர்ந்த சுண்டெலியில் எலும்பு இருப்பதால் கால்சியம் பாஸ்பரஸை விடச் சற்று அதிகம், ஆனால் கண் திறக்காத எலிக்குஞ்சில் எலும்பு இன்னும் முற்றியிருக்காது, அதை மட்டுமே நம்பக் கூடாது. பூச்சிகளில் விதிவிலக்கு கருஞ்சிப்பாய் ஈயின் புழு, அதில் பாஸ்பரஸைப் போல் இரண்டரை மடங்கு கால்சியம் இருக்கிறது.

கால்சியம் போதாதபோது ரத்தம் சும்மா இருக்காது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் சரியாக இயங்காது, அதனால் கழுத்துப் பக்கத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. எலும்பில் கடன் வாங்கித்தான் அந்தக் கணக்கு சரியாக நிற்கிறது. நடை தள்ளாடுவது, குதிக்கத் தயங்குவது, தாடை மெத்தென்று இருப்பது, கால் நடுங்குவது, இவையெல்லாம் வந்தபிறகு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இரண்டு வேலை. வாங்கி வந்த பூச்சிக்கு 24 முதல் 48 மணி நேரம் கால்சியம் கலந்த தீனி போடுங்கள், கடையில் இதற்கென்றே விற்கிறார்கள், அப்போது பூச்சியின் குடலே ஒரு கால்சியம் பொட்டலம் ஆகிவிடும். பிறகு பரிமாறும்போது ஒரு டப்பாவில் கொஞ்சம் கால்சியம் கார்பனேட் பொடியையும் பூச்சிகளையும் போட்டு ஒரு குலுக்கு. இதைப் பொழுது சாய்ந்து விலங்கு எழுந்த பிறகே செய்யுங்கள். மத்தியானமே வைத்துவிட்டால் சுவர்க்கோழி உட்கார்ந்து தன் கால்களைத் துடைத்துத் துடைத்துப் பொடியை எல்லாம் உதறிவிடும், ராத்திரி விலங்குக்குக் கிடைப்பது வெறும் பூச்சி. எலும்பில்லாத இறைச்சி கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் கிலோவுக்கு 5 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்தால் விகிதம் ஏறக்குறைய சமமாகும். வைட்டமின் டி சேர்த்த பொடியைத் தினமும் போடாதீர்கள், மிஞ்சினால் அதுவே நஞ்சு.

படி 6: எவ்வளவு

காட்டில் ஓடித்திரிகிற டன்னார்ட் ஒரு நாளில் தன் உடல் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பூச்சி தின்கிறது. பெட்டிக்குள் இருப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. சின்னவற்றுக்கு உடல் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு, குவோலுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கி, தராசு சொல்வதைக் கேட்டு ஏற்றி இறக்குங்கள்.

நான் பராமரித்த இரண்டாவது டன்னார்ட்டில் பெரிய தவறு செய்தேன். மீல்வார்மைப் பார்த்தாலே ஓடி வந்து கையிலிருந்து வாங்கும், அந்த ஆசையில் நாளுக்குப் பதினைந்து இருபது என்று கொடுத்துக்கொண்டே போனேன். ஆறு வாரத்தில் வால் உருண்டுவிட்டது. அது ஆரோக்கியம் என்றே நினைத்தேன். வேறொரு காரணத்துக்காக மருத்துவர் ரத்தம் எடுத்தபோது அந்த மெல்லிய கண்ணாடிக் குழாயை எனக்குக் காட்டினார். அடியில் சிவப்பு, மேலே தெளிந்த வைக்கோல் நிறம் இருக்க வேண்டிய இடத்தில் பால் மாதிரி வெள்ளை. ரத்தத்தில் கொழுப்பு மிதந்துகொண்டிருந்தது. நூறு கிராம் மீல்வார்மில் 13 கிராம் கொழுப்பு, சுவர்க்கோழியில் அதில் பாதிதான். அன்றிலிருந்து என் வீட்டில் மீல்வார்ம் மருந்து கொடுக்கும்போது மட்டும், ஒன்றோ இரண்டோ.

தீனியைத் தட்டில் குவிக்காமல் பட்டைக்கு அடியிலும் இலைச் சருகுக்குள்ளும் ஒளித்து வையுங்கள். தேடித் தின்னட்டும்.

படி 7: பெட்டிக்குள் வரவே கூடாதவை

வீட்டில் பொறியில் மாட்டிய எலி. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கடையில் கிடைக்கிற எலி விஷங்கள் பல, குறிப்பாக புரோடிஃபாகூம், புரோமாடியலோன் வகைகள், ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. உடம்பு வைட்டமின் கே-யை மறுபடி மறுபடி பயன்படுத்தி ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைச் செய்கிறது, விஷம் அந்தச் சுழற்சியை அறுத்துவிடுகிறது. கையிருப்பில் இருக்கிற புரதம் தீரும் வரை, இரண்டு மூன்று நாள், எதுவும் தெரியாது. அந்த எலியைத் தின்ற குவோலுக்கும் அதே கதிதான். ஈறில் கசிவு, தோலுக்கடியில் நீலத் திட்டு, மூச்சு வாங்குதல், சிறு கீறல் நிற்காமல் கசிவது, இப்படி எது தெரிந்தாலும் உடனே மருத்துவர். வைட்டமின் கே1 கொடுத்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். ஊசி குத்துவதற்கு முன்னால் இந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், குத்திய இடமே நிற்காது.

நாய் பூனைக்கென்று விற்கிற கொத்திறைச்சி. நிறம் கெடாமல் இருக்கச் சல்ஃபைட் சேர்த்திருப்பார்கள், அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். ஆஸ்திரேலியாவில் பூனைகளும் நாய்களும் இதனால் தலை சாய்ந்து, தள்ளாடி, வலிப்பு வந்து பாதிக்கப்பட்டிருக்கின்றன. மனிதர் தின்னும் இறைச்சியாக வாங்குங்கள். வெங்காயம் பூண்டு சேர்ந்த எதுவும் வேண்டாம், குழந்தைகளுக்கான டப்பா உணவில்கூட வெங்காயப் பொடி இருக்கும், பூனையின் சிவப்பணுக்களை அது உடைப்பது தெரிந்த விஷயம். பசும்பால் வேண்டாம். ஈரல் தினமும் வேண்டாம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்திலிருந்து பிடித்த அந்துப்பூச்சியும் வேண்டாம்.

குட்டிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூலியா கிரீக் டன்னார்ட்டின் குட்டி பிறக்கும்போது 17 மில்லிகிராம்தான், நுரையீரல் இன்னும் சரியாக வேலை செய்யாததால் தோல் வழியாகவே பிராணவாயுவை ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. இவ்வளவு அரைகுறையாகப் பிறக்கிற குட்டி தன் ரத்தத்துக்கு வேண்டிய இரும்புச் சத்தைத் தாய்ப்பாலிலிருந்துதான் பெற்றாக வேண்டும், அதனால் பைப்பாலூட்டிகளின் பாலில் இரும்பு அதிகம். பசும்பாலில் அது இல்லை, லாக்டோஸ் மட்டும் நிறைய. தாயை இழந்த குட்டிக்குப் பைப்பாலூட்டிகளுக்கென்றே தயாரித்த பால்பொடியைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள், ரோமம் முளைக்காத குட்டி என்றால் அனுபவமுள்ளவரிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

படி 8: ஊசி இல்லாமல் ரத்தத்தைப் பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில் மூக்கு நுனி, உள்ளங்கால், காது மடலின் உட்பக்கம், முடிந்தால் ஈறு. ஆரோக்கியமான ஆன்டிகைனஸின் உள்ளங்கால் இளஞ்சிவப்பாக இருக்கும். முதல் நாளே உள்ளங்காலைப் புகைப்படம் எடுத்து வையுங்கள், நினைவை நம்பாதீர்கள், நிறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும்போது கண் பழகிவிடும். வெளிறிப் போவது, மஞ்சள் தட்டுவது, கறுப்பான தார் மாதிரி மலம், சிவந்த சிறுநீர், உண்ணி அப்பிய காது, எல்லாவற்றையும் எழுதுங்கள். கறுப்பு மலம் என்றால் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது.

படி 9: மருத்துவர் ரத்தம் எடுக்கும்போது

பொதுவான கணக்கு, உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, நோயாளியிடம் அதிலும் பாதி. பதினைந்து கிராம் டன்னார்ட்டுக்கு அது 0.15 மில்லி, மூன்று சொட்டு. நோயாளி என்றால் ஒன்றரை. குவோலுக்குக் கழுத்து ரத்தநாளத்தில், சின்னவற்றுக்கு வால் ரத்தநாளத்தில், பெரும்பாலும் மயக்க வாயு கொடுத்தே எடுப்பார்கள்.

அந்த ஒரு சொட்டிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம் என்பதால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நுண்குழாயில் சுழற்றினால் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று தெரியும், பிசிவி என்பார்கள், இந்தக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் 40 முதல் 50 வாக்கில் இருக்கும். மேலே நிற்கிற பிளாஸ்மா என்கிற திரவத்தின் நிறம் இரண்டாவது: பால் வெள்ளை கொழுப்பு, மஞ்சள் என்றால் ஈரலோ சிவப்பணு உடைவதோ, இளஞ்சிவப்பு என்றால் அணு உடைந்திருக்கிறது. அந்தப் பிளாஸ்மாவிலேயே புரத அளவு மூன்றாவது. பிசிவியையும் புரதத்தையும் எப்போதும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டும் ஏறியிருந்தால் உடம்பில் நீர் இல்லை. இரண்டும் இறங்கியிருந்தால் ரத்தம் வெளியே போயிருக்கிறது. பிசிவி மட்டும் இறங்கிப் புரதம் சரியாக இருந்தால் அணுக்கள் உடைகின்றன, இல்லை எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்யவில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: நீர் வற்றிய விலங்கின் பிசிவி 42 என்று வந்து நன்றாக இருக்கிறதே என்று தோன்றும், திரவம் ஏற்றிய மறுநாள் அதுவே 28 ஆகிவிடும். சோகை முதல் நாளும் இருந்தது, வறட்சி அதை மூடி வைத்திருந்தது.

மிச்சமிருக்கும் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பணுவுக்குள் பேபீசியா ஒட்டுண்ணி தெரியலாம், ஆன்டிகைனஸில் இது காணப்படுவதுண்டு. கருவுள்ள சிவப்பணு ஒன்றிரண்டு தெரிந்தால், முக்கியமாகக் குட்டிகளில், அதற்காகப் பதற வேண்டாம், பைப்பாலூட்டிகளில் அது சகஜம். நாய் பூனை மட்டுமே பார்க்கிற மருத்துவராக இருந்தால் இதை நீங்கள் நினைவுபடுத்தலாம்.

படி 10: குளிர்காலத்தில் வரும் ஆண் ஆன்டிகைனஸ்

ஜூலை, ஆகஸ்ட்டில் ஒரு ஆண் ஆன்டிகைனஸ் வந்தால் மேலே சொன்னதெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். இதன் ஆண்கள் ஒரு வயது நிறைவதற்கு முன்னால், ஒரே ஒரு இனச்சேர்க்கைக் காலத்தோடு, இரண்டு மூன்று வாரத்துக்குள் அத்தனையும் இறந்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஏற ஏற, ரத்தத்தில் கார்டிசோல் என்கிற அழுத்த ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கிற புரதம் குறைகிறது, பிடிப்பில்லாத கார்டிசோல் உடம்பு முழுக்க ஓடுகிறது. சாப்பாட்டை மறந்து இணை தேடும், தன் தசையையே எரித்துச் சக்தி எடுக்கும். நோய் எதிர்ப்பு சரிகிறது, வயிற்றில் புண் வந்து உள்ளேயே ரத்தம் கசிகிறது, ஒட்டுண்ணி பெருகுகிறது, பிசிவி இறங்குகிறது, வெள்ளையணுவில் லிம்ஃபோசைட் குறைகிறது. முடி கொட்டி, உள்ளங்கால் வெளுத்து, பகலிலேயே தள்ளாடி நடந்து வரும். செத்தவை வீணாவதும் இல்லை. 2023 ஆகஸ்ட்டில் நியூ சவுத் வேல்ஸின் நியூ இங்கிலாந்து தேசியப் பூங்காவில், ஒரு ஆன்டிகைனஸ் இறந்த இன்னொன்றைத் தின்பதைப் படம் பிடித்தார்கள்.

இனச்சேர்க்கைக்கு முன்பே பிடித்துத் தனியாக வைத்த ஆண்கள் அந்த மாதத்தைத் தாண்டி வாழ்ந்திருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே வெளுத்துப்போய் வருகிற ஒன்றுக்கு நம்மால் செய்ய முடிவது குறைவு, இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ரத்தம் எடுக்கச் சொல்லாதீர்கள், அதனிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. வலி இருந்தால் அதற்கு என்ன செய்யலாம், நிம்மதியாகப் போக விடலாமா என்று கேளுங்கள். இருட்டான பெட்டி, இளஞ்சூடு, தலையைக் கிள்ளிய ஒரு மெதுவான அந்துப்பூச்சி. போன ஆகஸ்ட்டில் என்னிடம் வந்தது 31.4 கிராம் இருந்தது, மறுநாள் 29.8. அந்துப்பூச்சியின் இறக்கையை உதறிவிட்டு உடலை மட்டும், இரண்டு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டு, மிக நிதானமாகத் தின்றது. மூன்றாம் நாள் காலையில் எடை போட எதுவும் இருக்கவில்லை, பையைத் துவைத்துக் காயப் போட்டேன்.